ஊரைக் கேட்டது போதும்

நாற்பது பக்க நோட்டு. நடுவில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு. இடது பக்கம் நீல மையில் 'சேப்பாக்கம்', வலது பக்கம் சிவப்பு மையில் 'பெங்களூரு'. கீழே வரிசையாக ஆட்கள். பெரியப்பா - பெங்களூரு. காலேஜ் ஹெச்.ஓ.டி. - சேப்பாக்கம். மாடி வீட்டு ஆன்ட்டி - ரெண்டும் வேணாம், பேங்க் எக்ஸாம். கோச்சிங் சென்டர் சீனியர் - பெங்களூரு. அத்தை - கல்யாணம் பண்ணி அனுப்பினா அவன் படிக்க வைப்பான். இப்படிப் பதினேழு பேர்.

மந்தைவெளியில் எங்கள் தெருக்கோடி வீட்டுப் பெண். பி.ஏ. பொருளாதாரம் முடித்திருக்கிறாள். அப்பாவுக்கு மயிலாப்பூரில் ஒரு அச்சகத்தில் வேலை. அம்மா வீட்டிலேயே தையல். அந்தக் குடும்பத்தில் முதுகலைக்குப் போகும் முதல் ஆள் அவள்தான். கையில் இரண்டு இடங்கள். ஒன்று, சேப்பாக்கத்தில் இருக்கும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. பொது நிர்வாகம். இன்னொன்று, பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியில் பப்ளிக் பாலிசி, அதாவது பொதுக் கொள்கை முதுகலை. வெள்ளிக்கிழமை பணம் கட்டக் கடைசித் தேதி. திங்கட்கிழமை சாயங்காலம் மெட்ரோ வேலைக்காக அடைத்த தகரத்தைச் சுற்றிக்கொண்டு, மூச்சு வாங்க என் வீட்டுக்கு வந்து, நோட்டை நீட்டி, "அங்கிள், நீங்க பதினெட்டாவது. நீங்க என்ன சொல்றீங்க?" என்றாள்.

பெங்களூருக்கு ஏழு, சேப்பாக்கத்துக்கு ஆறு, 'வேறு' என்ற கணக்கில் நாலு. இந்த வாக்குகளை எண்ண அந்தக் காலத்துத் தேர்தல் கமிஷனர் டி.என். சேஷன்தான் எழுந்து வரவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். (அவரிடம் பிறகு வருகிறேன்.) நோட்டை மூடி அவள் கையிலேயே கொடுத்தேன். எனக்குக் கோபம்தான் வந்தது. அவள்மேல் இல்லை, அந்த நோட்டின்மேல்.

தம்பி, தங்கச்சி, நீ எந்த ஊரில் இருந்து இதைப் படித்தாலும் சரி, உன்னிடமும் அப்படி ஒரு நோட்டு இருக்கும். காகிதத்தில் இல்லாவிட்டால் போனில் இருக்கும், அதுவும் இல்லாவிட்டால் மண்டைக்குள் இருக்கும். அதைத் திறந்து பார். முதல் மூன்று பேரிடம் கேட்டபோது உனக்குத் தகவல் கிடைத்தது. நாலாவது ஆளிடம் எதற்காகப் போனாய்? 'தப்பாப் போச்சுன்னா, அவர் சொன்னாருன்னு சொல்லிக்கலாம்' என்பதற்காகப் போனாய். பழி சுமக்க ஆள் தேடியிருக்கிறாய். அதற்கு ஆலோசனை என்று பேர் வைக்காதே. பயம் என்று அதன் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பேயே பாதி ஓடிவிடும் என்பார் என் பாட்டி.

அந்தப் பதினேழு பேரும் கெட்டவர்களா? இல்லவே இல்லை. ஒவ்வொருவரும் தன் வாழ்க்கைக்கான பதிலை உனக்குச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். பெரியப்பா மகன் பெங்களூரில் செட்டில் ஆகியிருக்கிறான். மாடி வீட்டு ஆன்ட்டியின் கணவர் பேங்க்கில் இருந்து பென்ஷன் வாங்குகிறார். அவரவர் செருப்பு அவரவர் காலுக்குப் பழகியது. அதைக் கழற்றி உன் முன்னால் வைத்தால் நீ போட்டுக்கொண்டு நடந்துவிடுவாயா?

இதைச் சொல்ல எனக்கு ஒரு தகுதி உண்டு, பெருமைப்படும் தகுதி இல்லை. 1983-இல் என் கையிலும் இரண்டு கடிதங்கள் இருந்தன. ஒன்று சட்டப் படிப்புக்கு, ஒன்று எம்.ஏ.வுக்கு. அப்போது நோட்டு கிடையாது, சைக்கிள் உண்டு. மந்தைவெளியில் தொடங்கி மாம்பலம், சைதாப்பேட்டை என்று சொந்தக்காரர், தெரிந்தவர் வீடெல்லாம் மிதித்தேன். ஒவ்வொரு வீட்டிலும் காபி கொடுத்தார்கள், ஒவ்வொரு காபிக்கும் ஒரு கருத்து கொடுத்தார்கள். கடைசியாக ஒரு தீர்மானத்துக்கு வந்து பணத்தை எடுத்துக்கொண்டு போனபோது, தேதி முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. கவுன்ட்டரில் இருந்தவர் நல்ல மனுஷர், வருத்தத்தோடுதான் திருப்பி அனுப்பினார். இரண்டுமே போச்சு. அப்புறம் தேர்வு எழுதி குமாஸ்தாவாக அரசு அலுவலகத்துக்குள் நுழைந்து, முப்பத்து நாலு வருஷம் ஃபைல் புட் அப் பண்ணி, ரிட்டயர் ஆனேன். குறையொன்றும் இல்லை. ஆனால் அந்த இரண்டு நாள் இன்னும் உறுத்துகிறது. தப்பாகத் தேர்ந்தெடுத்திருந்தாலும் இவ்வளவு உறுத்தியிருக்காது.

சரி, அந்தப் பெண்ணுக்கு நான் என்ன செய்தேன்? பதினெட்டாவது ஓட்டுப் போடவில்லை. மேசைமேல் கிடந்த மாத்திரைப் பட்டையை எடுத்துக் காட்டினேன்.

எங்கள் பக்கத்து மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்கிய சர்க்கரை மாத்திரை அது. பட்டையின் பின்பக்கம் பார்த்தால், இது தமிழ்நாடு அரசு வழங்கியது, விற்பனைக்கல்ல என்று அச்சடித்திருக்கும். அலுமினியத் தாளில் சின்ன எழுத்து. கண்ணாடி போட்டால்தான் எனக்குத் தெரியும். இதன் பின்னால் ஒரு கதை இருக்கிறது. முன்பெல்லாம் அரசு மருத்துவமனையில் மருந்து இருக்காது. இருந்தால் சரியான மருந்தாக இருக்காது. சரியானதாக இருந்தால் வெளியே கடைக்குப் போய்விடும். 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் உருவாக்கப்பட்டது. அத்தியாவசிய மருந்துகளுக்கு ஒரு பட்டியல், அவற்றை மாநிலம் முழுமைக்கும் ஒரே இடத்தில் டெண்டர் விட்டு நேரடியாக உற்பத்தியாளரிடம் மொத்தமாக வாங்குவது - இது ஒரு முடிவு. கொள்கை என்பது இதைத்தான்.

முடிவு எடுத்துவிட்டால் மாத்திரை தானாக நடந்து வந்து என் மேசைமேல் ஏறிக்கொள்ளுமா? மாவட்டத்துக்கு மாவட்டம் கிடங்கு கட்ட வேண்டும். வந்த மருந்தில் மாதிரி எடுத்து, கம்பெனி பெயரை மறைத்து, சோதனைக் கூடத்துக்கு அனுப்ப வேண்டும். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பேங்க்கில் கொடுப்பதுபோல ஒரு பாஸ்புக் கொடுத்தார்கள். வருஷத்துக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து என்று அதில் வரவு. மருத்துவமனை மருந்து எடுக்க எடுக்கக் கழித்துக்கொண்டே வருவார்கள். எந்த ஊரில் எது தீர்கிறது, எது தூங்குகிறது என்பது கணக்கில் தெரிந்துவிடும். பட்டையின் பின்னால் அரசு என்று அச்சடித்ததும் இதில் சேர்த்திதான். கடையில் வைத்து விற்க முடியாது. நிர்வாகம் என்பது இதைத்தான். பிற்பாடு கேரளமும் ராஜஸ்தானும் இதே மாதிரிக் கழகங்களை அமைத்துக்கொண்டன.

இதைச் சொல்லி முடித்து, "இந்தக் கதையில் உனக்கு முதலில் என்ன கேட்கத் தோணுது?" என்றேன்.

யோசிக்கவே இல்லை. "பாஸ்புக்ல இருக்கிற காசு ஜனவரியிலயே தீர்ந்துட்டா, மார்ச் வரைக்கும் அந்த ஆஸ்பத்திரி என்ன அங்கிள் பண்ணும்?"

பார்த்தாயா! பதினேழு பேரைக் கேட்டும் கிடைக்காதது அவள் வாயிலேயே இருந்தது. வேறொரு பிள்ளை இதே கதையைக் கேட்டுவிட்டு, 'ஏன் எல்லாருக்கும் இலவசம்? இல்லாதவங்களுக்கு மட்டும் கொடுத்தா போதாதா? இந்தப் பணத்தை வேற எதுல போட்டிருக்கலாம்?' என்று கேட்கும். இரண்டும் நல்ல கேள்விகள்தான். ஆனால் இரண்டும் வேறு வேறு மனசில் இருந்து வருகின்றன. எந்தக் கேள்வி உன்னைத் தூங்கவிடாமல் செய்கிறதோ, அந்தப் பக்கம் உன் படிப்பு இருக்கிறது. தரவரிசைப் பட்டியலில் இதற்கு எண் கிடையாது.

இங்கே ஒரு முணுமுணுப்பு கேட்கிறது. 'பப்ளிக் பாலிசின்னா மாடர்ன், பொது நிர்வாகம்னா பழைய சரக்கு.' யார் சொன்னது? அமெரிக்காவிலேயே 1960-களின் பிற்பகுதியில்தான் பப்ளிக் பாலிசி என்று தனிப் பட்டங்கள் வேர் பிடித்தன. ஹார்வர்டில் 1936-இல் தொடங்கும்போது அந்தப் பள்ளிக்குப் பொது நிர்வாகப் பள்ளி என்றுதான் பெயர். கென்னடி பெயர் 1966-இல் வந்தது. சிங்கப்பூர் அதிபர் தர்மன் சண்முகரத்தினம் அங்கே வாங்கியது பொது நிர்வாக முதுகலைதான். அவ்வளவு தூரம் எதற்கு? நம் சென்னைப் பல்கலைக்கழகம் 1937-லேயே பொது நிர்வாகத்தில் பட்டயப் படிப்பு தொடங்கியது. நாட்டுக்கே முன்னோடி. மந்தைவெளி ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறினால் திருமயிலை, முண்டகக்கண்ணியம்மன் கோவில், கலங்கரை விளக்கம், திருவல்லிக்கேணி, அடுத்தது சேப்பாக்கம். அஞ்சு ஸ்டேஷன் பக்கத்தில் இருப்பதாலேயே ஒன்று மட்டம் ஆகிவிடாது. முற்றத்து முல்லைக்கு மணம் உண்டு. எட்டி நின்று மோந்துபார்த்துவிட்டு மணமில்லை என்று சொல்வது நம் ஆட்களின் பழைய வியாதி.

அதற்காக வாசலில் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும் என்று நான் சொல்வதாக நினைத்துக்கொள்ளாதே. பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி 2014-இல் தொடங்கிய அந்த இரண்டு வருஷப் படிப்பில் பொருளாதாரமும் சட்டமும் அரசியலும் ஒரே வகுப்பறையில் மோதும். வேறு வேறு மாநிலத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து வாதாடப் பழகலாம். 'அவ்வளவு தூரம் பொம்பளப் பிள்ளை தனியா...' என்று இழுக்கும் வாய்க்காக மட்டும் பெங்களூரை விடுகிறாய் என்றால், அதைவிடக் கோழைத்தனம் இல்லை. 'சேப்பாக்கமா, அட இங்கயா?' என்று உதட்டைப் பிதுக்கும் வாய்க்காக மட்டும் சேப்பாக்கத்தை விட்டாலும் அதே கோழைத்தனம்தான்.

அவள் அப்பாவுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது: பொது நிர்வாகம் படித்தால் கலெக்டர். நிறைய அப்பாக்களுக்கு இருக்கிறது. உடைத்தே சொல்கிறேன். குடிமைப் பணித் தேர்வு எழுத ஏதாவது ஒரு பட்டம் போதும். அவளிடம் ஏற்கெனவே இருக்கிறது. பொது நிர்வாகம் அந்தத் தேர்வில் ஒரு விருப்பப் பாடம், அவ்வளவே. கலெக்டர் கனவுதான் என்றால், எங்கள் பேட்டையை ஒட்டிய கிரீன்வேஸ் சாலையிலேயே தமிழக அரசின் குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சி மையம் இருக்கிறது. (பி.எஸ். குமாரசாமி ராஜா சாலை என்று பலகை வைத்து எத்தனையோ வருஷமாகிறது. ஆட்டோவில் அந்தப் பெயரைச் சொல்லிப் பார், அவர் உன்னைத் திரும்பிப் பார்ப்பார்.) முதுகலை என்பது தேர்வுக்குக் காத்திருக்கும் கூடம் ஆகிவிடக் கூடாது. இரண்டு வருஷம் பெரிய காலம்.

இப்போது சேஷன்.

தேர்தல் கமிஷன் என்ற ஒன்று இருக்கிறது என்று ஊருக்கே தெரியவைத்தவர் அவர். 1990 டிசம்பரில் இருந்து ஆறு வருஷம் தலைமைத் தேர்தல் ஆணையர். அவருக்காக யாரும் புதிதாக அதிகாரம் எழுதிக் கொடுக்கவில்லை. அரசியல் சட்டத்தின் 324-ஆவது பிரிவு தொடக்கத்தில் இருந்தே அங்கேதான் இருந்தது. எடுத்துப் பயன்படுத்திய ஆள்தான் புதிது. அவரும் 1968-இல் ஹார்வர்டில் பொது நிர்வாக முதுகலை முடித்தவர். அதனால்தான் அப்படி ஆனார் என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஹார்வர்டுக்குப் பல வருஷம் முன்னால், 1960-களின் தொடக்கத்தில், சென்னையில் போக்குவரத்து இயக்குநராக இருந்தபோது நடந்ததைக் கேள்.

பஸ் டிரைவர் ஒருவர் நேருக்கு நேர் கேட்டுவிட்டார்: பஸ் ஓட்டத் தெரியாது, இன்ஜின் என்னவென்று தெரியாது, எங்கள் கஷ்டத்தை நீங்கள் எப்படித் தீர்ப்பீர்கள்? ஐ.ஏ.எஸ். அதிகாரியைப் பார்த்து ஒரு டிரைவர் கேட்ட கேள்வி. வேறொருவர் என்றால் மெமோ கொடுத்திருப்பார். சேஷன் ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். கிரீஸும் கையுமாக மணிக்கணக்கில் நின்று, இன்ஜினைக் கழற்றி மாட்டக் கற்றுக்கொண்டார். பஸ் ஓட்டக் கற்றுக்கொண்டார். ஒருநாள் வழியில் ஒரு பஸ்ஸை நிறுத்தி, டிரைவரை நகரச் சொல்லிவிட்டு, பயணிகளோடு 80 கிலோமீட்டர் தாமே ஓட்டிப் போனார்.

இந்த ஆள் ஹார்வர்டு போனால் என்ன, போகாவிட்டால் என்ன? அந்த ஒர்க்‌ஷாப்பில் நின்றவருக்கு எந்த வகுப்பறையும் வகுப்பறைதான். சேஷனிடம் குறைகள் உண்டு. பிடிவாதம் கொஞ்சம் நஞ்சமில்லை. ஆனால் ஒரு டிரைவரின் கேள்விக்கு முன்னால் தன் பட்டத்தைக் கேடயமாகப் பிடிக்காத அந்த ஒரு நாளுக்காக அவரை நான் நூறு முறை கும்பிடுவேன்.

நீ எங்கே படிக்கப் போகிறாய் என்பதை இந்த வாரம் முடிவு செய். எப்படிப் படிக்கப் போகிறாய் என்பதை அதைவிட ஆவேசமாக முடிவு செய். சேப்பாக்கத்தில் சேர்ந்தால் மணியடித்ததும் ரயிலேறி வீட்டுக்கு ஓடிவராதே. தலைமைச் செயலகம் அங்கிருந்து கூப்பிடு தூரம், மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை இன்னும் கொஞ்சம் தூரம். ஒரு அரசாணையை எடுத்துக்கொள். அது எந்த மேசையில் பிறந்தது, எந்த மேசையில் படுத்துக்கொண்டது, எந்தத் தெருவுக்கு வந்து சேர்ந்தது என்று ஒரு வருஷம் பின்தொடர். பெங்களூரில் சேர்ந்தால், முதல் மாதம் மற்றவர்களின் இங்கிலீஷைக் கேட்டு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒட்டட்டும். ரேஷன் பற்றி அங்கே பேச்சு வரும். 1997-இல் நாடு முழுக்க ரேஷனை ஏழைகளுக்கு என்று சுருக்கியபோது, தமிழ்நாடு மட்டும் எல்லாருக்கும் என்று நின்றதைக் கட்டுரையில் படித்துவிட்டு வருவார்கள். நீ கையில் பையோடு அந்த வரிசையில் நின்றவள். எடை குறைந்தால் எப்படிச் சண்டை போடுவது என்று அறிந்தவள். தப்பும் தவறுமான இங்கிலீஷில் அதைச் சொல். வகுப்பே திரும்பிப் பார்க்கும். உன் மந்தைவெளி உனக்கு வெட்கம் இல்லை, முதல். அதைப் போட்டு வியாபாரம் பண்ணு.

பணத்தைப் பற்றி வீறாப்பு பேசமாட்டேன். ஒரு பக்கம் ஆயிரங்கள், மறுபக்கம் லட்சங்கள். கல்விக் கடனுக்குப் படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். வட்டி மட்டும் அன்றைக்கே ஓட ஆரம்பித்துவிடும் என்பதை மெதுவாகச் சொல்வார்கள். ஆகவே அப்பாவையும் அம்மாவையும் உட்காரவைத்து, மாதத் தவணை எவ்வளவு வரும் என்று ஒரு தாளில் போட்டுப் பார். இதில் அவர்களுக்கு ஓட்டு உண்டு. மாடி வீட்டு ஆன்ட்டிக்கு இல்லை. படித்து முடித்த பிள்ளைகள் இரண்டு பேரைக் கண்டுபிடி. இப்போது படிப்பவர்கள் வேண்டாம், அவர்களுக்கு இன்னும் மயக்கம் தெளிந்திருக்காது. வெளியே வந்து மூன்று வருஷமான ஆட்கள் வேண்டும். 'நல்லா இருக்கா?' என்று கேட்காதே. 'இன்னைக்குக் காலையில பத்து மணியில இருந்து ஒரு மணி வரைக்கும் என்ன வேலை செஞ்சீங்க?' என்று கேள். அந்த மூன்று மணி நேரம் உனக்குப் பிடித்திருக்கிறதா என்று பார். அவ்வளவுதான் ஆராய்ச்சி. அதற்கு மேல் கேட்டால் மறுபடியும் காபிக்குப் போகிறாய் என்று அர்த்தம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்த இரண்டோடு வாசல் அடைபட்டுவிடவில்லை. தமிழக அரசே 2022-இல் முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் என்று தொடங்கியது. இளைஞர்களை உதவித்தொகை கொடுத்து அரசுத் திட்டங்களோடு இரண்டு வருஷம் வேலை செய்ய வைக்கிறது. திருச்சி பாரதிதாசன் மேலாண்மை நிறுவனம் மூலம் பொதுக் கொள்கையில் சான்றிதழும் உண்டு. டெல்லியில் எம்.பி.க்களோடு ஏறக்குறைய ஒரு வருஷம் உட்கார்ந்து சட்ட ஆராய்ச்சி செய்யும் லாம்ப் ஃபெலோஷிப்புக்கு வெறும் இளங்கலை போதும். இன்றைக்கு எடுக்கும் முடிவு கல்லில் வெட்டும் எழுத்து இல்லை. 'ஒரு தடவை தப்பினா வாழ்க்கையே போச்சு' என்று உன்னை மிரட்டியவர்கள் யாரும் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தவர்கள் இல்லை.

அந்தப் பெண் போகும்போது நோட்டை என் திண்ணையிலேயே விட்டுவிட்டுப் போனாள். மறந்து விட்டாளா, வேண்டுமென்றே விட்டாளா தெரியாது. புதன்கிழமை ராத்திரி அவள் அம்மா தையல் மிஷினில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "கட்டிட்டா சார். நாங்க கேட்கக்கூட இல்ல, அவளே வந்து சொன்னா." எது என்று உனக்குச் சொல்லமாட்டேன். சொன்னால் உன் நோட்டில் பதினெட்டாவது வரியாக எழுதிக்கொள்வாய்.

உன் கடைசித் தேதி என்றைக்கு? அதற்கு முதல் நாளே கட்டிவிடு. கடைசி நாளில் சர்வர் படுத்துக்கொள்ளும்.